வரி கட்டுகிறோம், கணக்கு எங்கே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நம் பக்கத்தில் சமையல் குறிப்பு, குழந்தை வளர்ப்பு, மாமியார் மருமகள் விவகாரம் எல்லாம் நிறைய வருகின்றன. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கரண்ட் பில் என்று வந்துவிட்டால் மட்டும், அது முதல் பக்கத்துச் செய்தி, ஆண்கள் டீக்கடையில் பேச வேண்டிய சமாச்சாரம் என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். அந்தப் பணத்தை எந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கட்டுவது என்று தவிப்பது யார்? நாம்தானே! அதனால்தான் இதை நம் பக்கத்துக்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரியே கட்டமாட்டேன் என்பது என் கட்சி இல்லை. தெருவிளக்கு எரிய வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். விடியற்காலையில் வந்து நம் வீட்டுக் குப்பையை வாங்கிக்கொண்டு போகிற அம்மாவுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் போக வேண்டும். இதற்கெல்லாம் பணம் வானத்திலிருந்து கொட்டாது. என் ஆட்சேபம் வேறு. ஏற்றுவதற்கு மட்டும் சட்டம், விதி, தேதி எல்லாம் பக்காவாக இருக்கிறது. ஏற்றி வாங்கிய பணம் எங்கே போயிற்று என்று நமக்குச் சொல்வதில் மட்டும் அந்தக் கண்டிப்பு இல்லையே, ஏன்?

சொத்து வரி ஏறிய கதையைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழக அரசு உயர்வை அறிவித்தது. சென்னையில் அதற்கு முன் பொதுச் சீராய்வு நடந்தது 1998-ல். மற்ற நகராட்சி, மாநகராட்சிகளில் 2008-ல். இடையில் 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம் வரையும், கடை கண்ணிகளுக்கு 100 சதவீதம் வரையும் ஏற்றினார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியதை அடுத்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். இப்படி வருஷக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் ஏற்றினால் குடும்பம் தாங்குமா? அரிசி விலை ஒவ்வொரு ரூபாயாக ஏறினால் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். பதினைந்து வருஷத்து ஏற்றத்தை ஒரே நாளில் போட்டால்? அதுவும் கொரோனாவில் வேலை போய், நகையெல்லாம் பேங்கில் இருந்த சமயத்தில்!

அரசாங்கம் சொன்ன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. நகரங்களுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும். பிறகு மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வருஷா வருஷம் வசூல் கூடிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. டெல்லி சொல்லியது, சென்னை செய்தது, கட்டுவது நாம். இதில் யாரைக் கேட்பது என்றே தெரியாமல் போய்விடுகிறது பாருங்கள்!

எவ்வளவு ஏற்றினார்கள் என்றால், பழைய சென்னைப் பகுதி தவிர மற்ற நகரங்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். பழைய சென்னையில் இதைவிட அதிகம். 50-ல் தொடங்கி 150 வரை போயிற்று. பெரிய வீட்டுக்காரர் அதிகம் கட்டட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் சதுர அடி ஒன்றை மட்டும் வைத்து ஒருவரின் வசதியை அளந்துவிட முடியுமா?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமனார் மில்லில் வேலை பார்த்து, சீட்டுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. இன்றைக்கு மாமியார் பேரில் இருக்கிறது. பின்கட்டு, மாடிப்படி எல்லாம் சேர்த்து 1,260 சதுர அடி. அறுபது சதுர அடி கூடிப்போனதால் 50-க்குப் பதில் 75 சதவீதம் விழுந்தது. அரை வருஷத்துக்கு 1,140 ரூபாய் இருந்தது 1,995 ஆயிற்று. "நான் என்னத்தை அம்மா சம்பாதிக்கிறேன்? சுவருக்கா வருமானம் வருது?" என்று மாமியார் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் நிலத்தின் மதிப்பு ஏறியிருக்கலாம். வீட்டை விற்றால்தானே அது காசு? குடியிருக்கிறவர்களுக்கு அது வெறும் கூரைதான்.

அதோடு முடியவில்லை. 2023-ல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில், வருஷத்துக்கு 6 சதவீதம் அல்லது மாநிலத்தின் ஐந்து வருஷ சராசரி வளர்ச்சி, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு வரியை உயர்த்த வழி செய்தார்கள். 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றத்திலேயே 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டார்கள். ஆறு சதவீதம்தானே, நூற்றுக்கு ஆறு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். தோழிகளே, வட்டிக்கு வட்டி நமக்குத் தெரியாததா? வருஷா வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் வரி இரட்டிப்பாகிவிடும். நம் வீட்டுக்காரர்களின் சம்பளம் இப்படி விதி போட்டு வருஷா வருஷம் ஏறுகிறதா? லேத்துப் பட்டறையிலும் ஜவுளிக்கடையிலும் வேலை செய்கிறவருக்கு யார் அப்படி எழுதிக் கொடுக்கிறார்கள்?

கரண்ட் கதையும் இதே மாதிரிதான். 2022 செப்டம்பர் 10 முதல் மின் கட்டணம் உயர்ந்தது. முதல் 100 யூனிட் இலவசம் என்பதை எடுக்கவில்லை, அது ஆறுதல். ஆனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 1,130 ரூபாயாக இருந்தது 1,725 ஆயிற்று. "மாதத்துக்கு 297 ரூபாய் 50 பைசாதான் கூடுதல்" என்று விளக்கம் சொன்னார்கள். இந்தத் "தான்" என்ற வார்த்தையைச் சொல்கிறவர்கள் ஒரு மாதம் எங்கள் பாலுக்கும் மளிகைக்கும் கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும்!

அதைவிட ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிறைய பேர் கவனித்திருக்க மாட்டீர்கள். 2022 கட்டணப்படி 500 யூனிட் வரை ஓடினால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 பைசா. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அதே யூனிட்டுகளுக்கு 4 ரூபாய் 50 பைசா. ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் என்றால் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! கணக்கெடுப்பு நாலு நாள் தள்ளிப்போனால்கூட வெயில் காலத்தில் 500-ஐத் தாண்டிவிடும். மாதா மாதம் கணக்கெடுத்தால் இந்தத் தொல்லை குறையும். 2021 தேர்தல் வாக்குறுதியிலும் அது இருந்தது. ஆனால் 2022-லும் 2024-லும் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்குதான் நடந்துகொண்டிருந்தது. ஏற்றம் சொன்ன தேதிக்கு வந்தது, வாக்குறுதி வரவில்லை.

இங்கேயும் வருஷா வருஷம் ஜூலையில் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றுவது என்று 2022 ஆணையிலேயே எழுதிவிட்டார்கள். 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது, மறுக்கவில்லை. ஆனால் மானியம் யார் பணம்? அதுவும் நாம் சோப்பு வாங்கும்போதும் பிஸ்கட் வாங்கும்போதும் கட்டுகிற வரிதானே. மின்வாரியத்துக்கு 1,59,823 கோடி ரூபாய் கடன் என்று 2022-ல் உயர்வை அறிவித்தபோது அமைச்சர் சொன்னார். கடன் இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. அது எப்படி இவ்வளவு ஆயிற்று, அதில் எவ்வளவு அடைந்தது என்பதை வீட்டுக்கு வருகிற பில்லின் பின்பக்கத்திலாவது நாலு வரி அச்சடித்தால் என்ன?

சொந்த வீட்டுக்காரர் பாடு இப்படி என்றால் வாடகைக்கு இருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறார். அவர் பேரில் வரி ரசீதும் கிடையாது, கரண்ட் கார்டும் கிடையாது. வரி ஏறியது என்று வாடகையில் ஐந்நூறு கூட்டினார்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார்கள். இலவச 100 யூனிட்டெல்லாம் அவர் கண்ணால் பார்த்ததில்லை. கணக்குப் புத்தகத்தில் வரி கட்டாதவர். ஆனால் எல்லாரையும்விட அதிகம் கட்டுகிறவர். வரி உயர்வால் இத்தனை சதவீதம் பேருக்குத்தான் பாதிப்பு என்று அறிக்கை விடுகிறவர்கள் இவரை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

சரி, வாங்குகிற பணத்தைப் பார்த்துச் செலவு செய்கிறார்களா என்றால், அங்கேதான் வயிறு எரிகிறது. 2015 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 11 நகரங்களில் அது நடந்தது. 2025 மார்ச் மாதத்தோடு முடிந்தது. சென்னை பாண்டி பஜாரில் அழகான நடைபாதை போட்டு 2019-ல் திறந்தார்கள். 2021 நவம்பர் மழையில் தி.நகர் முழங்கால் தண்ணீரில் நின்றதை டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம். தமிழ்நாட்டு ஸ்மார்ட் சிட்டி வேலைகளை விசாரிக்க 2022-ல் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரை அரசே நியமித்தது. செலவு செய்த பிறகு விசாரணைக் கமிஷன் போடுவதைவிட, செலவு செய்வதற்கு முன்னால் அந்தத் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "முதலில் சாக்கடையைப் பாருங்கள்" என்று சொல்லியிருப்பார்களே!

நம் வீட்டில் கூரை ஒழுகும்போது முன்வாசலுக்கு வர்ணம் அடிப்போமா? எங்கள் ஊரிலும் அப்படி நடந்தது. தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிறது. குடிக்க கேன் தண்ணீர் தனியாக வாங்குகிறோம். சொத்து வரியிலேயே தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்கு மேல் குழாய்க் கட்டணம் தனி. நூலகத்துக்கு ரூபாய்க்கு 10 பைசா தனி. ஆக ஒரே குடம் தண்ணீருக்கு மூன்று முறை பணம் கொடுக்கிறோம். ஆனால் ரவுண்டானாவில் வண்ண விளக்குப் போட்ட நீரூற்று மட்டும் திறப்பு விழா அன்றைக்கு ஜோராக ஓடியது. இன்றைக்கு அதில் பாசிதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், கட்ட வேண்டியவர்களிடம் ஒழுங்காக வாங்குகிறார்களா? 2025-ல் மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டிடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாக எழுந்த புகாரில் பலர் கைதானார்கள். ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள். வழக்கில் யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எந்தக் குடும்பத் தலைவிக்கும் ஒரு கேள்வி வரும். பெரிய கட்டிடத்துக்கு வரியைக் குறைத்த கை, எங்கள் பின்கட்டின் அறுபது சதுர அடியை மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாக அளக்கிறது? கட்ட வேண்டியவர்கள் முழுசாகக் கட்டினாலே மற்றவர்களுக்கு இவ்வளவு ஏற்ற வேண்டியிருக்காதே.

இதைப் பேசினால் சிலர், "உங்களுக்குத்தான் பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய், அப்புறம் என்ன முணுமுணுப்பு?" என்று கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரிலேயே "உரிமை" இருக்கிறது. வீட்டில் கூலியில்லாமல் உழைக்கிறவளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. வாயை மூட வைக்கிற பூட்டு இல்லை. ஒரு கையில் வாங்கினால் இன்னொரு கையால் கணக்குக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கேட்டால் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2018 வரி உயர்வை 2019-ல் நிறுத்தினார்கள் என்று சொன்னேன். சென்னையில் வீட்டுக் குப்பைக்கு மாதக் கட்டணம் என்று 2020 டிசம்பரில் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். இறக்கியதெல்லாம் தேர்தல் வருகிற நேரம். ஏற்றியது? நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி வரி உயர்வு. ஓட்டு மை அழிவதற்குள் வந்துவிட்டது. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் நம் நகரங்களில் கவுன்சிலரே கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. கேட்பதற்கு ஆள் இல்லாமலே அத்தனை வருஷம் வரி கட்டியிருக்கிறோம். அதனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வது மட்டும் போதாது. நடுவிலும் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? கிராமத்தில் கிராம சபை இருப்பது எல்லாருக்கும் தெரியும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கூடி வரவு செலவு பேசுகிறார்கள். நகரத்தில் இருக்கிற நமக்கும் அப்படி ஒன்று உண்டு. 2022-ல் விதி போட்டு வார்டு கமிட்டியும் பகுதி சபையும் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எங்கள் தெருவில் பத்துப் பெண்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் அப்படி ஒரு சபை இருப்பதே தெரியவில்லை. கூட்டம் எப்போது நடந்தது என்று விசாரித்தால், "அது நடந்து முடிஞ்சு கையெழுத்தும் வாங்கியாச்சும்மா" என்றார்கள். வரிக்கு நோட்டீஸ் வீடு தேடி வருகிறது. கூட்டத்துக்கு நோட்டீஸ் வரவில்லை. என் ஆட்சேபம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. 2022-ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நம் வார்டு கவுன்சிலரும் ஒரு பெண்ணாக இருக்கலாம். அவரும் வீட்டில் அரிசி அளந்து போடுகிறவர்தான். அவரிடம் போய்க் கேட்பதில் நமக்கு என்ன கூச்சம்? கணவர்தான் பேசுவார், மைத்துனர்தான் வருவார் என்றால், "இல்லைங்க, நாங்க அம்மாகிட்டதான் பேசணும்" என்று நான்கு பேராகச் சொன்னால் அவருக்கும் அது பலம்தான்.

போகும்போது மூன்று கேள்வி போதும். நம் வார்டிலிருந்து போன வருஷம் வரியும் கட்டணமுமாக எவ்வளவு வசூல்? நம் வார்டில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவு? பெரிய பாக்கிக்காரர்கள் எத்தனை பேர், அவர்கள் மீது என்ன நடவடிக்கை? வாயால் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். படிப்பு வேண்டாம். நான் பத்தாவது வரைதான் படித்தேன்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். அரை வருஷத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2023 விதியில் இருக்கிறது. தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் தண்டம். ரசீதில் உங்கள் வீட்டுச் சதுர அடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் எழுத்து மூலம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் மீட்டரை வாரம் ஒருமுறை பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே குறித்து வையுங்கள். 450-ஐத் தாண்டும்போது வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிற கணவர் வாரக் கடைசியில், "கொடுத்த பணம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், உப்பு புளி வரைக்கும் கணக்குச் சொல்கிறோம். ஐம்பது ரூபாய் இடித்தால் தூக்கம் வராமல் யோசிக்கிறோம். அதே கணக்கை நம்மிடம் பணம் வாங்குகிறவர்கள் நமக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

மற்ற ஊர்ச் சகோதரிகள், உங்கள் வார்டில் பகுதி சபை நடக்கிறதா, அழைப்பு வந்ததா, போய்க் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். ஆசிரியர் அவர்களும் அதற்கு ஒரு ஓரத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஊரில் பதில் வாங்கியது எப்படி என்று தெரிந்தால் அடுத்த ஊரில் கேட்பது சுலபம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஒரு குடும்பத் தலைவி.